பாபின் ரயில் ஓட்டிய பிள்ளைகள்

எய்யா,

போனில் சொன்னால் நீ பாதியிலேயே "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ அனுப்பிய பழைய படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். மில் காலனிப் பிள்ளைகள் வரிசையாக நின்று பாபின்களைக் கயிற்றில் கோத்து ரயில் விடுகிறார்கள். கயிற்றின் முன் நுனியைப் பிடித்துக்கொண்டு, கனகாம்பரம் வைத்து, வாயெல்லாம் பல்லாக நிற்கிறவள் நான்தான். அதில் உனக்குச் சந்தேகமே வேண்டாம். கல்யாண மண்டப வாசலில் அதை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி வைக்கப்போகிறேன் என்றாய். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாய். "அதெல்லாம் வேண்டாம்லே, சொன்னாக் கேளு" என்று போனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து நீ என்னிடம் முறுக்கிக்கொண்டு பேசுகிறாய். அம்மாவுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம், இப்போது பழைய படத்தையும் விட்டு வைக்கவில்லை என்று நினைத்திருப்பாய்.

சந்தேகக்காரி என்று நீ சொல்வதில் எனக்கு வருத்தம் கிடையாது. உண்மையைத்தானே சொல்கிறாய். பால்காரர் முன்னால் நான் பாலை விரலில் தொட்டுப் பார்ப்பேன். பேங்கில் இருந்து பேசுகிறேன் என்று எவனாவது கூப்பிட்டால், எந்தத் தெருவில் இருக்கிறது உன் பேங்க் என்று கேட்பேன். உனக்குப் பார்த்த பெண்ணைப் பற்றி அவள் வேலை செய்கிற இடத்தில் ஆள் வைத்து விசாரித்ததும் நான்தான். அது அவள் காதுக்கே போய், அவளே என்னைக் கூப்பிட்டு, "அத்தை, என்ன தெரியணுமோ என்கிட்டயே கேளுங்க, நான் சொல்லுதேன்" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் கேட்கவேண்டியதைக் கேட்டேன். அவள் சொன்னதை நம்பலாமா என்று இன்னும் இரண்டு பேரிடம் கேட்டேன். இந்தக் குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தப் படத்தில் இருந்துதான் வந்தது.

படத்தை மறுபடி எடுத்துப் பார். மகனாகப் பார்க்காதே, போலீஸ்காரன் பார்க்கிற மாதிரிப் பார். முதலில் உடுப்பைப் பார். அத்தனை பிள்ளைகளும் துவைத்த உடுப்பில் இருக்கிறார்கள். மில் காலனியில் எந்தப் பிள்ளை துவைத்த உடுப்போடு விளையாடும்? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கிழிசலைப் போட்டுக்கொண்டுதான் தெருவில் இறங்குவோம். அடுத்து, எவன் முகமாவது விளையாட்டில் இருக்கிறதா என்று பார். எல்லோரும் ஒரே திசையில், பல்லைக் காட்டிக்கொண்டு, வாத்தியார் நிற்கச் சொன்னது மாதிரி நிற்கிறார்கள். விளையாடுகிற பிள்ளை நம்மை எதற்கு நிமிர்ந்து பார்க்கப்போகிறது? கடைசியாகக் கையைப் பார். அங்கேதான் முழுப் புளுகும் இருக்கிறது. பாபின்.

உனக்குப் பாபின் என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. மில்லில் நூல் சுற்றுகிற கட்டை. பார்க்க வழுவழுவென்று இருக்கும், உருட்டினால் ஓடும், எந்தப் பிள்ளைக்கும் ஆசை வரும். ஆனால் மில் வாசலை விட்டு ஒரு பாபின் வெளியே வந்தால் அது திருட்டு. வேலை முடிந்து வருகிற ஆட்களை வாட்ச்மேன் மடியைத் தடவித்தான் விடுவான். மடியில் பாபினோடு பிடிபட்டவனுக்கு அன்றோடு சீட்டுக் கிழிந்தது, அவன் பெண்டாட்டி பிள்ளைகள் காலனி வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். அதனால் எங்கள் வீடுகளில் பாபின் என்ற பேச்சே கிடையாது. ஓடைக்கரையில் உடைந்தது ஒன்று கிடந்தால்கூட அம்மாமார்கள் அடுப்பில் போட்டு எரித்துவிடுவார்கள். நாங்கள் விளையாடியது எல்லாம் புளியங்கொட்டையும் சைக்கிள் டயரும் ஆற்று மணலும்தான். நீ "அந்தக் காலத்து விளையாட்டுச் சாமான்" என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பினாயே, அதைத் தொட்டால் எங்கள் கையை ஒடித்திருப்பார்கள்.

பின்னே எப்படி எங்கள் கைக்கு வந்தது? கேள். அப்போது மில்லில் கதவடைப்பு. சங்கத்துக்காரர்கள் ஏதோ கேட்டார்கள், நிர்வாகம் கொடுக்க மாட்டேன் என்றது, கேட்டில் பூட்டுப் போட்டுவிட்டார்கள். மாதக்கணக்கில் மில் சங்கு ஊதவில்லை. ஆண்கள் எல்லோரும் கேட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். உன் தாத்தா, என் அப்பா, பந்தலில் முன்வரிசை. சங்கத்துக் கூட்டத்தில் பேசத் தெரியாது அவருக்கு, ஆனால் கொடி கட்டுவதற்கும் கோஷம் போடுவதற்கும் முதல் ஆள். ஒரு வெள்ளிக்கிழமை பகலில், ஆண்கள் யாரும் காலனியில் இல்லாத நேரமாகப் பார்த்து, மில் நிர்வாகத்து லேபர் ஆபீசரின் ஜீப் வந்தது. கூடவே கேமராவோடு ஒருவர். ஜீப்பின் பின்னால் ஒரு கூடை நிறையப் பாபின், ஒரு பொட்டலம் ஆரஞ்சு மிட்டாய். வீட்டுக்குப் போய் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்றார் ஆபீசர். போனோம். மிட்டாய் இருக்கிறதே. பிறகு கூடையை எங்கள் முன்னால் கவிழ்த்து, "எப்பவும் விளையாடுற மாதிரி விளையாடுங்க" என்றார். ஒருத்தரும் தொடவில்லை. ஒரு சின்னப் பையன் அழவே ஆரம்பித்துவிட்டான். கேமராக்காரர்தான் குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கயிற்றில் கோத்தார். என் தலையில் பூ இருந்ததால் என்னை முன்னால் நிறுத்திக் கயிற்றைக் கையில் கொடுத்தார். இழுத்தேன். ஓடியது எய்யா. அந்த ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். படம் எடுத்து முடித்ததும் பாபின்களை எண்ணிக் கூடையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த வாரமே அந்தப் படம் பெரிய தாளில் அச்சாகி மில் கேட்டில் ஒட்டியிருந்தது. "அமைதியை விரும்பும் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள்" என்று கீழே போட்டிருந்தார்களாம். சங்கத்துக்காரர்கள் அந்த எழுத்தைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் கண்ணெல்லாம் பாபினில்தான். மில் பூட்டிக் கிடக்கிறது, பிள்ளை கையில் பாபின் இருக்கிறது, அப்படியானால் அப்பன்காரன் பின்வாசல் வழியாக உள்ளே போய்வருகிறான். இதுதான் அவர்கள் போட்ட கணக்கு. வேறு ஊராக இருந்தால் விளையாட்டுச் சாமான் என்று விட்டிருப்பார்கள். மில்லில் வேலை பார்த்தவனுக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும். அன்றைக்குச் சாயங்காலமே பிள்ளைகளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஆபீசர் கையில் இருந்து எதையும் வாங்கக்கூடாது என்று கதவடைப்பு தொடங்கியதுமே வீட்டுக்கு வீடு கட்டளை. மிட்டாய் வாங்கித் தின்றோம் என்று சொன்னால் தோலை உரித்துவிடுவார்கள். பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். என் கூட்டாளி பேச்சி, பக்கத்து வீடு, ஒரே தட்டில் சாப்பிட்டவள், அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "எனக்குத் தெரியாது மாமா. இவதான் கொண்டாந்தா" என்று என் பக்கம் கையைக் காட்டினாள். மற்ற பிள்ளைகளும் "ஆமா, ஆமா" என்றார்கள். ஜீப்பில் கொடுத்தார்கள் என்று நான் கத்தினேன். யார் நம்புவார்கள்? கயிறு என் கையில் அல்லவா இருக்கிறது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார். "பாபின் எங்கன இருந்து வந்துச்சு தாயி?" ஜீப்பில் கொடுத்தார்கள் என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான். சத்தியம் பண்ணு என்று சொல்லவில்லை, அடிக்கவில்லை, மறுபடி சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த "சரி"யை நான் எத்தனையோ ராத்திரி நினைத்துப் பார்த்திருக்கிறேன். என்னால் உன்னிடம் ஒரு நாளாவது அப்படிச் சொல்ல முடிந்திருக்கிறதா? பரீட்சை நன்றாக எழுதினேன் என்று நீ வந்து சொன்னால் கேள்வித்தாளை வாங்கி ஒவ்வொன்றாகக் கேட்பேன். நீ அழுதிருக்கிறாய்.

மறுநாள் கஞ்சித் தொட்டிக்குப் போனேன். கதவடைப்பு நேரத்தில் சங்கத்தார் காலனிக்கே பொதுவாகக் கஞ்சி காய்ச்சி ஊற்றுவார்கள், அதைத்தான் கஞ்சித் தொட்டி என்போம். வரிசையில் நின்று தட்டை நீட்டினேன். ஊற்றுகிறவர் என் முகத்தைப் பார்த்தார், அகப்பையை என் தட்டைத் தாண்டி அடுத்த தட்டுக்குக் கொண்டுபோனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பார்க்காதது மாதிரித் தாண்டிப் போனார். நான் காலித் தட்டோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா தட்டை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். குழாயடியில் அவளுக்கும் அதே கதைதான் நடந்துகொண்டிருந்தது. "கருங்காலி வீட்டுக் குடம்" என்று காலால் தள்ளிவிட்டிருக்கிறார்கள். கருங்காலி என்றால், கூட நின்றவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறவன். மில்காரனுக்கு அதைவிடக் கேவலமான வசவு கிடையாது.

பிறகு ஏதோ சமாதானம் பேசி மில்லைத் திறந்தார்கள். எல்லோரோடும் சேர்ந்து அப்பாவும் வேலைக்குப் போனார். சாப்பாட்டு வேளையில் அவரோடு உட்கார்ந்து தூக்குவாளியைத் திறக்க ஒருத்தரும் வரவில்லை. சங்கத்தில் இருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். அவர் சண்டைக்கும் போகவில்லை, ஊரை விட்டும் போகவில்லை. கூட்டம் நடக்கிற நாளில் மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். யாராவது கூப்பிட வருவார்கள் என்று. தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்திருப்பார், அது தாண்டிப் போனதும் உட்கார்ந்துகொள்வார். எனக்குக் கல்யாணம் ஆகும்வரை இதைப் பார்த்தேன். நீ பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். பாடையில் போர்த்தக்கூடச் சங்கக் கொடி வரவில்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை, அடங்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

இப்போது சொல். அந்தப் படத்தை மண்டப வாசலில் ஆள் உயரத்துக்கு வைத்தால் என்ன ஆகும்? காலனி ஆட்கள் எல்லோருக்கும் பத்திரிகை கொடுத்திருக்கிறோம். பந்தியில் உட்கார்ந்து சொதி ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே, "ஏய், அந்தப் படம்லா அது? அவ அப்பன் கருங்காலில்லா?" என்று ஒருத்தன் ஆரம்பித்தால் போதும். உன் மாமனார் காதில் விழும். உன் பெண்டாட்டி உன்னிடம் கேட்பாள். செத்த மனிதரை உன் கல்யாணத்தில் இன்னொரு தடவை பந்தலை விட்டு வெளியே தள்ளுவார்கள். இது ஒரு சந்தேகம். இன்னொன்றும் இருக்கிறது. மில் மூடிப் பாதிக் கட்டிடம் இடிந்து, காலனிச் சுவரில் அரசமரம் முளைத்துக் கிடக்கிற இத்தனை வருஷம் வெளியே வராத படம், மில் நிலத்தை விற்க அளந்து கல் நட்டிருக்கிற இந்த நேரத்தில் ஏன் வருகிறது? யார் வீட்டுப் பெட்டியில் இருந்து வருகிறது? "என்ன ஒரு பொற்காலம் அது" என்று போனில் அதன் கீழே ஆளாளுக்கு எழுதுகிறார்களாமே, எழுதுகிறவர்களில் ஒருத்தராவது அந்தக் கஞ்சியைக் குடித்தவர்களா? நீ அவர்களைக் கேட்க மாட்டாய். எனக்குக் கேட்கத் தெரியவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே ஆளிடம் போய்க் கேட்கலாம் என்று போன வியாழக்கிழமை ஸ்ரீவைகுண்டத்துக்குப் பஸ் ஏறினேன்.

பேச்சியை அங்கேதான் கட்டிக்கொடுத்தார்கள். வாழைத் தோட்டத்துக்காரர் வீடு. நாங்கள் கல்யாணம் கருமாதியில் பார்த்துக்கொண்டால் தலையை ஆட்டிக்கொள்வோம், அதற்கு மேல் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டேன். அவள் முகத்துக்கு நேரே படத்தைக் காட்டிக் கேட்டுவிட வேண்டும், அவள் முழிக்கிற முழியைப் பார்க்க வேண்டும் என்றுதான் போனேன். வழி நெடுக என்னென்ன கேட்பது என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். வீட்டு வாசலில் புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஏட்டி, நீயா? வழி தெரிஞ்சுதா இப்பவாது?" என்று கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். காபி வந்தது. குடிக்காமல் தள்ளி வைத்தேன். போனை எடுத்து நீட்டினேன்.

கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "இது நம்ம காலனில்லா. இது நீ. இது நானு, பல்லைப் பாரேன் எனக்கு." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "ஏட்டி, இது என்ன கையில? பாபினா? நாம எங்கன இதை வச்சு விளையாண்டோம்? தொட்டா கொன்னுருவாங்களே. யாரு கொடுத்தா?"

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்கிறவர்கள் முகம் எனக்குத் தெரியும், அறுபது வயதுவரை அதைத்தானே படித்திருக்கிறேன். அவள் நடிக்கவில்லை எய்யா. நிஜமாகவே மறந்துவிட்டாள்.

"லேபர் ஆபீசர் ஜீப்புல கொண்டாந்து கொடுத்தாங்க பேச்சி. கதவடைப்பு நேரத்துல" என்றேன்.

"அப்படியா? பாத்தியா அவனுவளை. பிள்ளைகளை வச்சுல்லா வேலை பாத்திருக்கானுவ" என்றாள். அவ்வளவுதான். நம்பிவிட்டாள். ஒரு காலனியே நம்பாததை, புளியில் இருந்து கையை எடுக்காமல் நம்பிவிட்டாள்.

"எங்கப்பாவைக் கருங்காலின்னு சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"யாரு, மாமாவையா? என்னட்டி பேசுத? மாமா பந்தல்ல முன்னால நிப்பாவளே, கொடியைப் பிடிச்சுக்கிட்டு. தங்கமான மனுசன்லா. சங்கத்து ஆளுன்னா அவுகதான் சங்கத்து ஆளு. எங்கப்பா கடைசி காலத்துல அவுகளைத்தான் சொல்லிக்கிட்டே கெடந்தாவ." இதை அவள் எனக்குப் புதிதாகத் தெரிவிக்கிற மாதிரிச் சொன்னாள்.

அவள் அப்பா என்ன சொல்லிக்கொண்டு கிடந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். எந்த மனசாட்சி உறுத்தியது, யாரிடம் எதைச் சொல்லாமல் விட்டார் என்று தோண்டியிருக்கலாம், தோண்டுவது எனக்குக் கைவந்த கலைதானே. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. கடைசியில் அழுதேவிட்டேன். எதற்கு என்று தெரியாமலே பேச்சியும் கூட உட்கார்ந்து அழுதாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது கோபம்தான் வந்தது. அவள் மறந்தே போன ஒரு வார்த்தைக்காக என் அப்பா வருஷக்கணக்கில் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாரே. "தங்கமான மனுசன்" என்று இவள் புளிக்கு நடுவே சும்மா சொன்னதை அன்றைக்கு ஒருத்தர் வந்து அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. ராத்திரி சாப்பிடவில்லை.

நீ குடும்பம் நடத்தப் போகிறாய். அறிவுரை சொல்வதற்கு எனக்கு என்ன தகுதி இருக்கிறதோ தெரியவில்லை. ஆனாலும் தாய் சொல்லாமல் யார் சொல்வது? கேட்க வேண்டியதைக் கேள். உன் பெண்டாட்டியிடம், நாளைக்கு உன் பிள்ளையிடம், நேராகவே கேள், என்னை மாதிரி ஊரெல்லாம் விசாரிக்காதே. பதில் சொன்னால் உன் தாத்தா மாதிரி "சரி" என்று சொல்லிப் பழகு. என்னால் முடியவில்லை. எல்லோரும் கையைக் காட்டிய இடத்தில் நின்ற பிள்ளைக்கு அது வரவில்லை. உனக்கு வரும். நீ அவர் ஜாடைதான்.

படத்தை வை. நான் வேண்டாம் என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ சொன்ன ஆள் உயரம் போதாது, இன்னும் பெரிதாகவே வை, பாபின் நன்றாகத் தெரியட்டும். காலனி ஆட்களில் மறந்தவர்களும் வருவார்கள், மறக்காதவர்களும் வருவார்கள். யார் எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது, வருகிறவர்களை ஒவ்வொருத்தராக நிறுத்திப் படத்தைக் காட்டி, இந்தப் பாபின் எப்படி வந்தது, என் அப்பா யார் என்று, அன்றைக்கு ஒருத்தரும் சொல்லாததை, நானே சொல்லிக்கொள்கிறேன். எனக்குப் பதிலாக உன் சித்தியை மணமேடைக்குப் பக்கத்தில் தயாராக நிற்கச் சொல்லியிருக்கிறேன். தாலி கட்டுகிற நேரத்தில் அம்மாவைக் காணோமே என்று தேடாதே. வாசலில்தான் இருப்பேன்.